தீப்ஸ் நகரக் கொள்ளை என்பது என்ன? அசிரியர்கள் ஏன் அதைச் சூறையாடினார்கள்?

கி.மு. 663 வாக்கில் அசிரியப் பேரரசர் (இன்றைய வட இராக்கை மையமாகக் கொண்டு ஆண்டவர்) அசுர்பனிபாலின் படை, எகிப்தின் தென்பகுதியில் நைல் கரையில் இருந்த தீப்ஸ் நகரைப் பிடித்துச் சூறையாடியது. இன்றைய லக்சர்தான் அந்த ஊர்.

காரணம் வெறும் பொன்னாசை இல்லை. எகிப்து யார் கையில் என்று அசிரியாவுக்கும், தெற்கிலிருந்து (இன்றைய சூடான்) வந்த குஷ் அரசர்களுக்கும் நெடுநாள் போட்டி. குஷ் அரசன் தந்தமானி எகிப்தின் வடக்கே இருந்த பழைய தலைநகர் மெம்பிஸை மீட்டு, அசிரியா அமர்த்திய ஆட்களை விரட்டினான். அசிரியப் படை திரும்பி வந்ததும் தப்பி ஓடிவிட்டான். அப்புறம் அடி விழுந்தது அவனுக்குப் பக்கபலமாக இருந்த தீப்ஸ் மீது. ஊரில் இரண்டு பெரிய புள்ளிகள் மோதும்போது, ஒருவர் மற்றவரின் நெற்களஞ்சியத்தைக் காலி செய்வது மாதிரி. தீப்ஸின் முதன்மைக் கடவுளான அமுனின் கர்னாக் கோயிலில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த செல்வம்தான் இங்கே களஞ்சியம்.

வெள்ளி, பொன், மணிகள், குதிரைகள், மக்கள் என எல்லாவற்றையும் அள்ளிப்போனதாக அசுர்பனிபாலின் களிமண் சாசனம் சொல்கிறது. கோயில் வாசலில் நின்ற, 2,500 தாலந்து (ஒரு தாலந்து சுமார் 30 கிலோ) எடையுள்ள இரண்டு பளபளக்கும் உலோகத் தூண்களும் அதில் அடக்கம். கிட்டத்தட்ட 75 டன்! எனக்கு அதைவிட வலிப்பது, பொருட்களோடு ஒரே பட்டியலில் மனிதர்களையும் எழுதியிருப்பது.

இத்தோடு தீப்ஸ் அழிந்தே போனது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நகரத் தலைவர் மொந்துவெம்ஹாத் அதன் பிறகும் பதவியில் இருந்தார், கர்னாக் கோயில் இன்றும் நிற்கிறது.