இதயம் வலப்பக்கம் இருப்பதல்ல, பச்சைச் சளிதான் கவலை

கேள்வி: என் மகனுக்கு வயது 19. நானும் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். மகனுக்கு இதயம் வலப்பக்கம். பிறந்ததிலிருந்தே சளி, மூக்கடைப்பு, காதில் சீழ். கார்டஜெனர் நோய் என்கிறார்கள். இவர்கள் 30 வயதைத் தாண்டமாட்டார்கள் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா? நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனையில் போன வருடம் 84 சதவீதம், இப்போது 73. மூன்று வாரமாகப் பச்சைச் சளி. கடையில் அசித்ரோமைசினும் இருமல் சிரப்பும் வாங்கிக் கொடுக்கிறேன். (ஒரு தாய், மதுரை)

பதில்: அந்த 30 வயதுக் கணக்கு உங்கள் மகனுக்குரியது அல்ல, அம்மா. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வேறொரு பரம்பரை நோயின் பழைய கணக்கைப் பலரும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். கார்டஜெனர் நோயோடு முதுமை வரை வாழ்பவர்கள் உண்டு. சிலருக்கு நுரையீரல் மோசமாகக் கெடுவதும் உண்மை. எந்தப் பக்கம் போகும் என்பதில் கவனிப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அதனால்தான் நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரிகள் என்னைப் பதற வைக்கின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் விடாமல் அசைந்து சளியை மேலே தள்ள வேண்டும். கார்டஜெனர் நோய் இருப்பதால் உங்கள் மகனுக்கு அவை சரியாக அசைவதில்லை. சளியை வெளியேற்ற அவனிடம் இருப்பது இருமல் ஒன்றுதான். அதையும் சிரப் கொடுத்து அடக்குகிறீர்கள்! இன்றே நிறுத்துங்கள். தேங்கும் சளியில் கிருமி பெருகும், குழாய்ச் சுவர் அரிக்கப்பட்டு விரியும். பெரியவர்களுக்கு அப்படி விரிந்த குழாய் பழையபடி சுருங்காது.

ஊதும் பரிசோதனையில் அவனுடைய வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். 84லிருந்து 73 என்பது அதைவிட அதிகம். கூடவே சளி நிறம் மாறி மூன்று வாரம் ஆகிறது. உடனே முழுமையாகச் சிகிச்சை கொடுத்தால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்க வாய்ப்புண்டு, தள்ளிப்போட்டால் அது குறைந்தபடியே நின்றுவிடலாம். இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். முதலில் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள், அசித்ரோமைசின் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். சூடோமோனாஸ் கிருமி இருந்தால் அந்த மாத்திரை அதைக் கொல்லாது. பெரும்பாலும் இரண்டு வாரம் சரியான ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். சளியில் ரத்தம் வந்தால் அன்றே போக வேண்டும். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து டிபி மாத்திரை தொடங்கினால், சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அசித்ரோமைசின் கெட்ட மருந்து அல்ல. இதே நோயில் ஆறு மாதம் தொடர்ந்து கொடுத்தபோது சளித் தொற்று மோசமாகும் தடவைகள் பாதியாகக் குறைந்ததை 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால் அப்படிக் கொடுக்கும் முன் இசிஜி, காது கேட்கும் திறன், சளியில் காசநோய் வகைக் கிருமிகள் எல்லாம் பார்ப்போம். கடைக்காரரால் இதைச் செய்ய முடியாது.

இதயம் வலப்பக்கம் இருப்பதை மறந்துவிடுங்கள். இசிஜி எடுக்கும்போதும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் சொன்னால் போதும். விந்தணுவின் வாலும் அந்த மயிரிழைகளைப் போன்ற அமைப்புதான் என்பதால் குழந்தை பெற மருத்துவ உதவி தேவைப்படலாம். கல்யாணத்துக்கு அது தடையில்லை. இதுவும் பரம்பரை நோய் என்பதால், சொந்தத்தில் மட்டும் பெண் எடுக்காதீர்கள்.

தினமும் சளி வெளியேற்றும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அவனே கற்றுக்கொள்ளட்டும். ஓடியாடுவதைத் தடுக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது 84 என்று காட்டும் போன வருடத்து ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.