டிவிஎஸ் ஓட்டும் பூனையை வரைந்தது யார்?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பூனை டிவிஎஸ் 50 ஓட்டுகிறது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் குடம். முன்னால் கூடையில் உட்கார்ந்து ஒரு மீன் வழி சொல்கிறது. எட்டு வயது மகள் அதைத் தன் அறையில் மாட்டியே தீர வேண்டும் என்கிறாள். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. ஷாப்பிங் தளங்களில் தேடினால் ஓடும் ஏழு குதிரைகளும் புத்தர் முகமும்தான் வருகின்றன. கடைசியில் இதே மாதிரி வேடிக்கையாக வரையும் வேறொருவரின் இன்ஸ்டாகிராம் பக்கம் கிடைத்தது. ஏ4 அளவு பிரிண்ட் 850 ரூபாய், கூரியர் தனி. என் கணவரோ, "ஸ்கிரீன்ஷாட் எடு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 30 ரூபாய்க்குக் கலர் பிரிண்ட் போட்டுத் தருவான்" என்கிறார். இப்படி வரைபவர்களை எங்கே கண்டுபிடிப்பது? 850 ரூபாய் நியாயமா? முகம் தெரியாதவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பலாமா? என் மகளையும் சேர்த்து வரைந்து தரச் சொல்லிக் கேட்கலாமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பூனைக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்துவிடுவோம். படத்தை போனில் சேமித்து படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். டின்ஐ என்று ஒரு தளம் இருக்கிறது, அதிலும் போட்டுப் பாருங்கள். இணையத்தில் அந்தப் படம் முதலில் கண்ணில் பட்ட தேதிப்படி வரிசைப்படுத்தும் வசதி அதில் உண்டு. உங்களுக்கு வந்திருப்பது பல கை மாறி, ஓரம் வெட்டுப்பட்ட படமாகத்தான் இருக்கும். ஓவியர்கள் பெரும்பாலும் கீழ் மூலையில்தான் கையெழுத்துப் போடுவார்கள். 'குட் மார்னிங்' எழுத இடம் தேடுபவர்களின் கத்தரி முதலில் விழுவதும் அங்கேதான். அதனால் தேடலில் வருவனவற்றில் அகலமான, வெட்டுப்படாத படத்தைப் பிடியுங்கள். படங்களைச் சேர்த்து வைக்கும் பின்டரஸ்ட் தளத்தில் போய் முட்டினால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அங்கே பல படங்கள் தாய் தகப்பன் பெயர் இல்லாமல்தான் கிடக்கின்றன.

ஒரே பூனை பத்துக் கடைகளில் டீ ஷர்ட்டிலும் காபி கப்பிலும் வந்தால் குழம்ப வேண்டாம். திருடி விற்பவருடைய கடையில் பூனைக்குப் பக்கத்தில் சிங்கம், சே குவேரா, ஜிம் வாசகம் எல்லாம் கலந்து கிடக்கும். வரைந்தவருடைய பக்கத்தில் பூனைக்கு முன்னால் போட்ட பென்சில் கோடு இருக்கும், சரியாக வராமல் விட்ட பூனை இருக்கும், அதே கையில் வரைந்த கோழியும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் இருப்பார்கள். பத்துப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே கை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் கணினியே தயாரித்துத் தரும் ஏஐ படங்களும் இந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டன. வாசலில் கோலம் இருந்தால் புள்ளிகளைப் பாருங்கள்; கம்பி எங்கோ தொடங்கி எங்கேயும் சேராமல் போகும். கடைப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்து தமிழாகவே இருக்காது. இந்தக் குறைகளும் மெல்லச் சரியாகி வருகின்றன, ஆகவே கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். "இது நீங்கள் வரைந்ததா, ஏஐயா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வரைபவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. பலர் அப்போதே வரைந்துகொண்டிருக்கும் வீடியோவை அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, இன்னும் இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது என்ற கேள்வி. 'வேடிக்கையான சுவர்ப் படம்' என்று தேடினால் விளம்பரத்துக்கு அதிகம் செலவு செய்தவர்தான் முன்னால் வந்து நிற்பார். அதனால்தான் உங்களுக்கு ஏழு குதிரைகள் வந்தன. படத்தைத் தேடுவதை விட்டு ஆளைப் பிடியுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார், அவர் படத்துக்குக் கீழே யார் வந்து கிண்டலடிக்கிறார்கள், யாருடைய ஸ்டிக்கரை அவர் வாங்கி மேசையில் ஒட்டியிருக்கிறார் என்று பாருங்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் படம் மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். ஒருவர் வழியாகப் போனால் ஒரே சாயங்காலத்தில் நாலைந்து பேர் கிடைப்பார்கள். பிடித்த படத்துக்கு லைக் போடுவதோடு 'சேவ்' செய்தும் வையுங்கள், பிறகு தேடி எடுக்கச் சுலபம்.

அக்டோபர் மாதம் அறுவடைக் காலம். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தொடங்கிய 'இங்க்டோபர்' என்ற வழக்கப்படி, உலகம் முழுக்க வரைபவர்கள் அந்த மாதத்தின் 31 நாளும் நாளுக்கொரு மைச் சித்திரம் போட்டுப் பதிவிடுவார்கள். பணம் எதிர்பார்க்காமல் வரைவதால் கிறுக்குத்தனம் அதிகமாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதில்லை. ஓவியச் சந்தைகளில் கடை போடுபவர்களின் பெயர்ப் பட்டியல். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையையே அடைத்து 'சித்ர சந்தே' நடத்துகிறது. நூறு ரூபாய்ப் படமும் லட்ச ரூபாய்ப் படமும் ஒரே நடைபாதையில் இருக்கும். 2011இல் டெல்லியில் தொடங்கிய, காமிக்ஸ் ரசிகர்களுக்கான 'காமிக் கான்' திருவிழா 2024இல் சென்னைக்கும் வந்துவிட்டது. அங்கே ஓவியர்களுக்கென்று தனி வரிசை உண்டு. ஸ்டிக்கர், புக்மார்க், குட்டிக் காமிக்ஸ் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம், வரைந்தவரோடு பேசலாம். திருச்சியிலிருந்து ரயில் ஏற முடிந்தால் மகளையும் கூட்டிப் போங்கள். முடியாவிட்டாலும் குறை இல்லை. இதுபோன்ற சந்தைகள் நடக்கும் நாட்களில் கலந்துகொள்பவர்கள் தங்கள் பக்கங்களிலேயே அறிவிப்பார்கள். அந்தப் பெயர்களை வீட்டிலிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

ஒரு பெயராவது சொல்லுங்கள் என்பீர்கள். பெங்களூரைச் சேர்ந்த அலிஷியா சௌசாவிலிருந்து தொடங்கலாம். வீட்டில் அன்றாடம் நடப்பதையே உருண்டை முக மனிதர்களாக வரைந்து, காலண்டர், நோட்டுப் புத்தகம் என்று தன் சொந்தத் தளத்திலேயே விற்கிறார். நன்கு அறியப்பட்டவர்தான். ஆனாலும் முதல் தடவை வாங்குபவருக்குப் பயமில்லாத இடம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் மாட்ட ஒரு பிரதி எடுத்தார் என்று யாரும் போலீஸோடு வந்து நிற்கப்போவதில்லை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. அவருக்கான பதில் சட்டத்தில் இல்லை, படத்தின் புள்ளிக் கணக்கில், அதாவது பிக்ஸலில் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் படம் பொதுவாக 1080 புள்ளி அகலம். ஏ4 தாளில் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் 2480 புள்ளி அகலம் வேண்டும். வாட்ஸ்அப் அதை இன்னும் பிழிந்திருக்கும். 30 ரூபாய்ப் பிரிண்டில் மீனின் கண் எது, செதில் எது என்று மகள் கேட்பாள். கடையில் வழக்கமாகப் போடும் மெல்லிய தாள் ஃபிரேமுக்குள் போனதும் நெளியும். வெயில் படும் சுவராக இருந்தால் நிறமும் சீக்கிரம் போகும்.

850 ரூபாய்க்காரர் கொடுப்பது, அவர் ஒழுங்காகச் செய்பவராக இருந்தால், 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனத்தில் அமிலம் கலக்காத தாள், எளிதில் வெளிறாத பிக்மென்ட் மை, மடங்காமல் இருக்க அட்டை வைத்த உறை. நிறம் பிசகிக் கழித்துப்போட்ட தாள்களின் விலையும் அதில் இருக்கிறது. கைவினைப் பொருட்கள் விற்கும் எட்ஸி போன்ற தளத்தில் அவர் விற்றால், ஒரு பொருளை நாலு மாதம் காட்சிக்கு வைக்க 20 அமெரிக்க சென்ட், விற்றால் 6.5 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். 850இல் அந்த 6.5 சதவீதமே 55 ரூபாய். 2022 ஏப்ரலில் இதை 5 சதவீதத்திலிருந்து உயர்த்தியபோது அங்கே கடை வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் ரெட்பபிள் மாதிரியான தளங்களில் அச்சடிப்பது, அனுப்புவது எல்லாம் நிறுவனம். வரைந்தவருக்கு வருவது மேலே வைத்த சிறு பங்கு மட்டும். எனவே அதே ஓவியருக்குச் சொந்தக் கடை இருந்தால் அங்கே வாங்குங்கள்.

ஓவியர் சில்லறைச் சாமான் விற்பதைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு பூசிச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. கேன்வாஸுக்கு ஆள் வராத காலத்தில் பாத்திக் சோறு போட்டது. இன்று ஸ்டிக்கர் போடுகிறது, அவ்வளவுதான்.

அதற்காக 850 சொன்னால் 850 கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. என்ன தாள், என்ன கனம், என்ன மை, ஓரத்தில் வெள்ளை விளிம்பு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். மூலையில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருந்தால் மொத்தம் ஐம்பதே பிரதி, இது ஏழாவது என்று பொருள். அதற்குக் கூடுதலாகக் கேட்பது வழக்கம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் அறைக்கு அது தேவையே இல்லை. பட்ஜெட் இடித்தால் போஸ்ட்கார்டு அளவுப் படங்கள் நாலு வாங்கி ஒரே ஃபிரேமில் போடுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: சிலர் அச்சுக்குத் தகுந்த முழு அளவு ஃபைலையே குறைந்த விலைக்குத் தருவார்கள், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர் தாராளமாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகட்டும். 300 ஜிஎஸ்எம், பளபளப்பில்லாத மேட் தாள் என்று சொல்லி வாங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஓவியர் என்றால் ஃபைல்தான் புத்திசாலித்தனம். பார்சலாக வந்தால் தபால்காரர் சுங்க வரிச் சீட்டோடு நிற்கக்கூடும்.

பணம் அனுப்புவது பற்றி: கேஷ் ஆன் டெலிவரி இல்லை என்பதால் மட்டும் சந்தேகப்படாதீர்கள். வாங்க மறுத்த பார்சலுக்குப் போக வரக் கூரியர் காசு அந்தத் தனி ஆளின் தலையில்தான் விழும். பக்கம் எத்தனை நாளாக நடக்கிறது, வாங்கியவர்கள் தங்கள் வீட்டுச் சுவரோடு படமெடுத்து அவரை டேக் செய்திருக்கிறார்களா, ஜிபேயில் வரும் பெயர் அவர் சொன்ன பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் தடவை ஸ்டிக்கர் மாதிரிச் சின்னதாக ஏதாவது வாங்கிப் பாருங்கள். அளவு, கூரியரோடு சேர்த்த விலை, என்று அனுப்புவார் என்பதை ஒரே மெசேஜில் எழுதி அவரிடம் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது ஓவியர் அல்ல. பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். மற்றபடி, ஒரு வாரம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரைவதும் மடிப்பதும் கூரியர் ஆபீஸில் வரிசையில் நிற்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

மகளைச் சேர்த்து வரையச் சொல்லலாம், தாராளமாக. கமிஷன், அதாவது கேட்டபடி வரைந்து தரும் வேலை, எடுக்கிறீர்களா என்று கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். அவர் இப்போது எப்படி வரைகிறாரோ அப்படியே வரையட்டும். வேறொருவர் போட்ட பூனையை அனுப்பி இதே மாதிரி வேண்டும் என்று கேட்பது மட்டும் கூடாது. மகள் புகைப்படம் இரண்டு மூன்று அனுப்புங்கள், ஒன்றிலாவது அவள் சிரிக்காமல் இருக்கட்டும். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது வழக்கம். எத்தனை தடவை திருத்தம் செய்து தருவார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சொல்ல வேண்டியதெல்லாம் பென்சில் கோட்டு நிலையிலேயே சொல்லிவிட வேண்டும். வண்ணம் போட்டு முடித்த பிறகு, "ஜடையைக் கொஞ்சம் நீளமாக்குங்களேன்" என்றால் கூடுதல் காசு கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.