ஆன்லைன் ஏலத்தில் பழைய மிஷின்: விசாரிப்பு விலையை எப்படி மாற்றுகிறது?

30 டயா, 24 கேஜ் சிங்கிள் ஜெர்சி நிட்டிங் மிஷின் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. போட்டோ மட்டும் இருக்கிறது. எவ்வளவு வரை கேட்கலாம்? (திருப்பூர்)

போட்டோவில் பெயின்ட்தான் தெரியும், ஊசிகள் நிற்கும் உருளையான சிலிண்டரின் நிலை தெரியாது. ஊசிக் கணக்கை முதலில் போடுங்கள். டயா என்பது அங்குலத்தில் விட்டம், கேஜ் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி. 30 × 24 × 3.14 என்றால் சுமார் 2,260 ஊசி. ஊசிகளுக்கு இடையே துணியைப் பிடிக்கும் தகடான சிங்கரும் ஏறக்குறைய அவ்வளவே. ஊசி ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலே முழு செட்டுக்கு 45,000 ரூபாய் ஆகும். சிலிண்டர் காடி (ஊசி நிற்கும் பள்ளம்) தேய்ந்திருந்தால் புது ஊசி போட்டும் பயனில்லை.

அதனால் நேரில் போய், நூல் ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் கோடு விழுந்தால் ஊசியோ காடியோ பழுது. குறுக்கே பட்டை விழுந்தால் பெரும்பாலும் நூல் டென்ஷன்தான், சரிசெய்துவிடலாம். இந்த வித்தியாசம் தெரியாதவர் இரண்டுக்கும் பயந்து குறைத்தே கேட்பார். நீங்கள் துணிந்து கேட்க இடம் கிடைப்பது அங்கேதான்.

நன்றாக ஓடும் அதே மாடலின் உள்ளூர் விலையில் ஊசி, சிங்கர், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, லாரி வாடகை, ஏலத் தொகைக்கு மேல் வரும் ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் உச்ச விலை. ஏலத்துக்கு முந்தின நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

ஏனுங்க, நான் அலைஞ்சு விசாரிச்சு ஒரு விலை கேட்டா, உடனே இன்னொருத்தர் மேல ஏத்தறாருங்க. எதுக்குங்க? (சோமனூர்)

நீங்கள் கேட்கும் விலையே அவருக்குத் தகவல். பொருளைப் பார்க்காமலே உங்கள் விசாரிப்பை வைத்து விலை ஏற்றுகிறார். ரோத், ஒக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஈபேயில் கடைசி நேரத்தில் விலை கேட்பது கணினிகளைவிடப் பழங்கலைப் பொருட்களில் அதிகம் என்று கண்டார்கள். பொருளின் மதிப்பை அறிந்தவர் அதைக் கடைசிவரை வெளிக்காட்டுவதில்லை.

முடியும் நேரம் மாறாத ஏலத்தில் நீங்களும் அப்படியே செய்யலாம். கடைசி நிமிடங்களில் விலை வந்தால் நேரம் நீளும் ஏலத்தில் (வங்கி ஏலங்கள் பல இப்படித்தான்) அந்த வழி பலிக்காது. எழுதி வைத்த உச்ச விலையில் நின்றுவிடுங்கள்.

பழைய லேத் விற்கிறேன். குறையைச் சொன்னால் விலை இறங்காதா? (கோவை)

சொல்லாவிட்டால்தான் பெரும்பாலும் இறங்கும். தெரியாத இடத்தில் வாங்குபவர் மோசமானதையே நினைத்துக் கழிப்பார். நாமக்கல்லிலிருந்து பார்க்க வர முடியாதவர் கேட்கவே மாட்டார். லேத்தில் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) பக்கம்தான் பெட் (நீளமான அடித்தளம்) அதிகம் தேயும். பெட் மேல் நகரும் கேரியேஜை அங்கே சரியாக இறுக்கிவிட்டு எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தி, எங்கே பிடிக்கிறது என்று வீடியோ எடுத்துப் போடுங்கள். சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் கியர் சத்தமும் பதிவாகட்டும். குறை பெரிதென்றால் விலை இறங்கத்தான் செய்யும். ஆனால் எடுக்க வந்தவர் பிறகு தகராறு செய்ய மாட்டார்.

எல்லோரையும்விட அதிகம் கேட்டு ஜெயித்தேன். ஏமாந்துவிட்டேனா? (பொள்ளாச்சி)

பலர் ஒரே பொருளை மதிப்பிடும்போது, மதிப்பை மிகையாகக் கணக்குப் போட்டவரிடமே பொருள் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து 1971-லேயே இதை எழுதிவிட்டார்கள். போட்டியாளர் கூடும்போது உங்கள் மதிப்பை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி பறிமுதல் செய்த லாரிக்கு எதைப் பார்ப்பது? (சங்ககிரி)

எப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், அடமானப் பதிவை அரசின் வாகனச் செயலியான எம்-பரிவாஹனிலும், அபராத பாக்கியை இ-சலான் தளத்திலும் பாருங்கள். இவற்றை எல்லோரும் பார்ப்பதால் அதெல்லாம் ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கும். வண்டி நிற்கும் யார்டுக்குப் போனவருக்கு மட்டும் தெரிவது டயர், கியர்பாக்ஸ், புகையின் நிறம், ஆவணத்தோடு ஒத்துப்போகும் சேஸிஸ் எண். விற்பனை ‘இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்’ என்பதால் வரி பாக்கி யார் தலையில் என்பதை ஏல நிபந்தனையில் படியுங்கள். அடமானம் நீக்கும் படிவம் 35 எப்போது கையில் கிடைக்கும் என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.