அமெரிக்காவில் துப்பாக்கி சேகரிப்பவர்கள் பெல்ட்டில் கோத்த தோட்டாக்களை வைத்திருக்கலாமா?

கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை வைத்திருக்கலாம். தோட்டாவை டப்பாவில் தனித்தனியாக வைத்தாலும் இரும்பு இணைப்பில் கோத்து வைத்தாலும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். சினிமாப் படங்களில் தோளில் மாலைபோல் தொங்குவதைப் பார்த்துப் பலர் பெல்ட்டே குற்றம் என்று நினைக்கிறார்கள். கெடுபிடி அதைச் சுடும் இயந்திரத் துப்பாக்கிக்குத்தான்: 1934 முதல் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன, 1986 மே 19-க்குள் பதிவானவற்றை மட்டுமே தனியார் வாங்க முடியும்.

சிக்கல் மாநிலங்களில். 1994-இல் வந்த கூட்டாட்சித் தடை, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினோடு (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு) பெல்ட்டையும் சேர்த்தே பெயர் சொன்னது. அது 2004-இல் காலாவதியானது. ஆனால் நியூயார்க் சட்டத்தில் அதே வரையறை உண்டு. அங்கே தோட்டா பிரச்சினையில்லை, அதைக் கோத்திருக்கும் பெல்ட்தான் பிரச்சினை! வேடிக்கைதான், ஆனால் வழக்கு வேடிக்கையாக இருக்காது.

இன்னொன்று: பழைய ராணுவ பெல்ட்டுகளில் இடையிடையே டிரேசர் தோட்டாக்கள், அதாவது பாயும்போது ஒளிக்கோடு காட்டுபவை, இருக்கும். நுனி நிறத்தைப் பாருங்கள். சில மாநிலங்கள் அவற்றைத் தனியாகத் தடுக்கின்றன. பெருங்குற்றத் தண்டனை பெற்றவர் எந்தத் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது.