எண்ணெய் அளவு: செக்குக்காரர் பதில்கள்

15 கிலோ கடலை எண்ணெய் டின்னில் எத்தனை லிட்டர் இருக்கும்?
ஏறத்தாழ பதினாறரை. கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம். 15,000ஐ 910ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். யார் லிட்டர் கணக்குச் சொன்னாலும், எந்தச் சூட்டில் அளந்தது என்று கேளுங்கள்.

பாட்டியின் ஊறுகாய்க் குறிப்பில் 'உழக்கு நல்லெண்ணெய்' என்று இருக்கிறது. எத்தனை மில்லி?
பொதுவாகச் சொல்லும் கணக்கில் 336. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. உழக்கும் அதோடு மாறியிருக்கும். பாட்டியின் பித்தளை உழக்கு பரணில் கிடந்தால் இறக்கித் துலக்கி, தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். கூடிய கிராம்தான் மில்லி. எண்ணெயை ஊற்றி இதைச் செய்தால் கணக்குத் தப்பும்.

ஒரு கிலோ எத்தனை லிட்டர்?
1.1. முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம்தான் இருக்கிறது. 90 கிராம் திருட்டுத்தானே?
இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு.

அப்படியானால் 890 கிராம் இருக்கும் பாக்கெட்டும் நியாயமா?
இதுதான் கேள்வி. சூடேறினால் எண்ணெய் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர், 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6. '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்று பாக்கெட்டில் அச்சிட்டுவிட்டால், பெயருக்கு லிட்டர், கைக்கு வருவது 26 கிராம் குறைவு. சிலர் அப்படித்தான் அச்சிட்டார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல், லிட்டரோடு எடையையும் போடச் சொன்னது. என் செக்கடியிலும் பார்க்கலாம்: சூடாகக் கழுத்துவரை நிரப்பிய லிட்டர் பாட்டில், பதினைந்து டிகிரி ஆறினால் பத்து மில்லி இறங்கி நிற்கும். வாங்கியவர் என்னைத்தான் முறைப்பார்.

பேசாமல் லிட்டரையே ஒழித்துவிட்டால் என்ன?
ஒழித்தால், 'சமையலறையில் தராசு யார் வைத்திருக்கிறார்கள்?' என்று யாராவது சண்டைக்கு நிற்பார்கள். கரண்டியால் ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு கொடுப்பது மட்டும் எடைக்கு இருக்கட்டும். விற்கிறவன் நானே சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் பீப்பாய்?
42 அமெரிக்க காலன், அதாவது 158.987 லிட்டர். பிரிட்டிஷ் காலன் பெரியது, அதைப் போட்டுப் பெருக்காதீர்கள். மற்றபடி என் செக்கில் பெட்ரோல் ஆட்டுவதில்லை.

அரை கிலோ எத்தனை மில்லி?
550. ஐயா, மேலே படியுங்கள்.