ஸ்லட்ஜ் ஏன் தண்ணி மாதிரி ஓட மாட்டேங்குது? உங்க கேள்விகளுக்கு பதில்

எங்க அபார்ட்மென்ட் எஸ்டிபில (கழிவுநீரை சுத்தம் பண்ற பிளான்ட்) ஸ்லட்ஜை, அதாவது கழிவுச் சேறை, தள்ளுற பம்பை ரெண்டு நாள் நிறுத்திட்டு ஆன் பண்ணா லைன் நகரவே மாட்டேங்குது, ஒருவழியா ஓட ஆரம்பிச்சுட்டா நல்லா ஓடுது. பம்ப் போச்சா சார்?

பம்ப் மேல சந்தேகம் அப்புறம் படலாம். உறைஞ்ச தயிரை நெனச்சுக்கோங்க, பாத்திரத்தை லேசா சாய்ச்சா அசையாது, கரண்டி போட்டு கலக்கினா இளகிடும். ஸ்லட்ஜ்லயும் பாக்டீரியாவும் அது சுரக்கிற பிசுபிசுப்பும் சேந்து உள்ளுக்குள்ள வலை மாதிரி பின்னிக்கிட்டு நிக்குது, அந்த வலை அறுபடுற அளவுக்கு அழுத்தம் குடுத்தாதான் நகரும், அதைத்தான் யீல்டு ஸ்ட்ரெஸ்னு சொல்றோம், நகர ஆரம்பிச்சதும் வேகம் ஏற ஏற இளகும், நிறுத்தினா மறுபடி பின்னிக்கும். அதனால நிறுத்துறதுக்கு முன்னாடி லைன்ல தண்ணி விட்டு கழுவிடுங்க. புது பம்ப் வாங்குறப்போ ஓடுற அழுத்தத்தோட ஸ்டார்ட்டிங் அழுத்தத்தையும் கணக்குல எடுங்க, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

லேப் சொல்ற ஸ்லட்ஜ் விஸ்காசிட்டி (ஓடுறதுக்கு எதிர்ப்பு காட்டுற கெட்டித்தன்மை) ஒண்ணு, பம்ப் விக்கிறவர் சொல்றது வேற. எது சரி?

ரெண்டுமே சரியா இருக்கலாம். எந்த ஷியர் ரேட்ல (எவ்வளவு வேகமா கலக்கி), எத்தனை சதவீத சாலிட்ஸ்ல (திடப்பொருள்), என்ன சூட்டுல அளந்தாங்கனு எழுதாத நம்பரை நம்பாதீங்க, ஷியர் ரேட் மாற மாற விஸ்காசிட்டி எப்படி மாறுதுனு காட்டுற முழு கர்வையும் கேட்டு வாங்குங்க.

3% சாலிட்ஸ் இருக்கிற ஸ்லட்ஜை 6% ஆக்கி டைஜெஸ்டருக்கு (காத்து இல்லாம பாக்டீரியா ஸ்லட்ஜை செரிக்கிற தொட்டி) அனுப்பினா இடம் மிச்சமாகுமே?

கன அளவு பாதியாகும், உண்மைதான். ஆனா யீல்டு ஸ்ட்ரெஸ் ரெண்டு மடங்கோட நிக்காது, பல மடங்கு ஏறிடும், மிக்ஸர் பக்கத்துல மட்டும் சுத்தி மத்த இடமெல்லாம் அப்படியே செத்துக் கிடக்கும், அப்போ மிச்சம் பண்ண இடம் உள்ளயே வீணாப் போயிடும். மிக்ஸரை மாத்தாம கெட்டியாக்காதீங்க. 10% பக்கம் ஊட்டுற பிளான்ட்டெல்லாம் இருக்கே, அங்க ஸ்லட்ஜை சுமார் 165 டிகிரில, 6 பார் நீராவி அழுத்தத்துல அரை மணி நேரம் வேகவச்சு அந்த வலையை முதல்லயே உடைச்சுடறாங்க. நார்வேல ஹாமர் ஊர்ல 1990கள்லயே இதை ஆரம்பிச்சுட்டாங்க.

டேங்க் அடியில இறுகிப் போனதை ஆள் இறக்கி கிளறலாமா?

வேணாம், தயவுசெஞ்சு வேணாம். ஸ்லட்ஜை நகரவிடாம பிடிச்சு வைக்கிற அதே யீல்டு ஸ்ட்ரெஸ்தான் வாயுக் குமிழிகளையும் உள்ள பிடிச்சு வச்சிருக்கு, கிளறின உடனே ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமா வெளிய வரும், இறங்கினவர் ரெண்டு மூச்சுல விழுந்துடுவார், காப்பாத்த இறங்குறவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்க்லயோ சாக்கடையிலயோ ஆள் இறக்குறதை, கையால மலம் அள்ளுறதுக்கு எதிரான 2013 சட்டமே தடை பண்ணியிருக்கு. வெளிய இருந்தே வாட்டர் ஜெட் அடிச்சு இளக்கி, சக்‌ஷன் லாரில எடுங்க.