வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் தூத்துக்குடியிலிருந்து பையனோடு வந்தீர்கள். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கவில்லை. சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிட்டார் பெரியப்பா. "கெமிஸ்ட்ரி படிச்சா ஊர்ல என்ன சொல்லுவாங்க சார்?" என்று கேட்கும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். கட்டணத் தாளையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் நீங்கள் ஒன்றாக எடுத்து வைத்ததும், ஆறுதல் சொல்வது தப்பு என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பையனுக்குப் பிடிக்காத படிப்புக்காக, குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். நான்கு வருஷம் கழித்து வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை.

பிராக்டிகலில் என்ன பிடிக்கும் என்று பையனிடம் கேட்டேன். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். சால்ட் அனாலிசிஸில் ஈயம் இருந்தால் பொட்டாசியம் அயோடைடு விட்டதும் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு வரும் என்று கைவிரலால் சோதனைக்குழாயைத் தட்டுவதுபோலக் காட்டினான். எனக்கு அது போதும்.

இன்ஜினியரிங், மெடிக்கல், பேங்க் பரீட்சை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் வேலை பார்க்கும் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களில் பலவும், வயசானதும் குஜராத்தில் பாவ்நகர் பக்கம் இருக்கும் அலங் கரைக்குத்தான் போகின்றன. 1983-லிருந்து அங்கே கப்பல் உடைக்கிறார்கள். காம்பே வளைகுடாவில் கடல் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். பெரிய ஓதத்தன்று கப்பலை வேகமாகக் கரையேற்றிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் அது மண்ணில் உட்கார்ந்துவிடும். பிறகு கேஸ் கட்டர்தான்.

அந்த இரும்போடு ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த பெயின்ட், பழைய கேபிள்களில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள், டாங்கியில் எண்ணெய்க் கசடு எல்லாம் சேர்ந்து வரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் பல வருஷம் அதை நெஞ்சுக்குள் இழுத்தார்கள். 2006-இல் உடைப்பதற்காக அலங்குக்கு வந்துகொண்டிருந்த கிளமென்சோ என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினையால் பாதி வழியில் திரும்பியது. 2019-இல் நம் நாட்டில் கப்பல் மறுசுழற்சிக்கென்று சட்டமே வந்தது. கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்கென்று 2009-இல் உலக நாடுகள் எழுதிய ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26-இல் அமலுக்கு வந்துவிட்டது.

பையனுக்கு வேலை பிறப்பது இந்த விதிகளால்தான். வெளிநாடு போய்வரும், 500 ஜி.டி. (கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேற்பட்ட கப்பல் ஒவ்வொன்றிலும் எந்த ஆபத்தான பொருள் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். தொழிலில் ஐ.எச்.எம். என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கு 2030 ஜூன் வரை அவகாசம். அதற்கு முன்பே உடைக்கப் போனால், அப்போதே பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் தயாராவது இப்படித்தான். மாஸ்க்கும் கவுனும் போட்ட ஒருவர் வரைபடத்தோடு இன்ஜின் ரூமில் இறங்குவார். பைப்பைச் சுற்றிய பொதியில் தண்ணீர் தெளித்து நனைப்பார், தூசி பறக்கக் கூடாது என்று. நகக்கண் அளவு வெட்டி, பையில் போட்டு மூடி, எண் எழுதி, இடத்தைப் போட்டோ எடுத்து, வெட்டிய ஓட்டையை அடைப்பார். லேபில் அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நார் ஆஸ்பெஸ்டாஸா என்று பார்ப்பார்கள். 2011-லிருந்து கப்பலில் அதைப் புதிதாகப் பொருத்தவே தடை, ஆனாலும் கேஸ்கட்டில் ஒளிந்து வந்துவிடுகிறது. பெயின்ட் சுரண்டலில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே லேப்தான். உங்கள் பையன் பள்ளிக்கூடத்தில் ரசித்துச் செய்ததும் இதே வேலைதானே?

வழி நீளமானது, மறைக்கவில்லை. ஊரிலேயே அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். முடித்ததும், சோதனைக்கூடங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் இரண்டு மூன்று வருஷம் உழைக்கட்டும். பிறகு கப்பல் சர்வே செய்யும் நிறுவனங்களைத் தட்டலாம். சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ இருக்கிறது, தொழிற்சாலை அனுபவம் கேட்பார்கள், அதையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதல் சம்பளம் சின்னதுதான். சரக்குக் கட்டணம் ஏறும் வருஷங்களில் கிழட்டுக் கப்பலையும் ஓட்டுவார்கள், உடைப்பு குறையும். ஆனால் சோதனைக்கூட வேலை தெரிந்தவனுக்குத் தண்ணீர், கழிவு, மருந்து என்று வேறு கதவுகளும் உண்டு.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐ.எச்.எம். சர்டிபிகேட் தருகிறேன், உடனே வேலை என்று யாராவது இப்போதே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முகக்கவசமும் பயிற்சியும் தராத இடத்துக்கு, எவ்வளவு சம்பளம் சொன்னாலும், பையனை அனுப்பாதீர்கள்.

பெரியப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் போனை என்னிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்களே, வியாழன் இரவுக்குள் கூப்பிடுங்கள்.